வரி ஏறட்டும், ஃபிரிட்ஜ் வரட்டும்

தமன்ஹூர்.

அக்காள் மகன் ஷவ்கிக்கு மாமன் பயூமி எழுதுவது. உன் மீதும் உன் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கு எல்லோரும் நலம். யாரையோ விட்டு எழுதவைத்ததாக நினைக்காதே, என் கையெழுத்தேதான். முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்டேன். மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது.

சிகரெட் வரி ஏறப்போகிறது என்று ஊரே புலம்புகிறது. நான் புலம்பவில்லை. மகள் ராவியாவின் கல்யாணச் சீருக்கு ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம் முழுவதையும் போட்டு, இன்றைய விலைக்கே சிகரெட் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவிட்டேன். வரி ஏறியதும் விற்றால் இரண்டு கதவு ஃபிரிட்ஜே வாங்கலாம். உன் மாமி இன்ஷிராஹ், "சம்பந்தி வந்து ஃபிரிட்ஜ் எங்கேன்னு கேட்டா, கட்டிலத் தூக்கிக் காட்டுவீங்களா?" என்கிறாள். வியாபாரம் அவளுக்கு என்ன தெரியும்? நீ நிதி அமைச்சருக்குத் தேநீர் கொண்டுபோகிறவன். கோப்பையை வைக்கும்போது, "சீக்கிரம் ஏத்திடுங்க ஐயா" என்று ஒரு வார்த்தை போட்டுவை.

இந்தக் கடிதத்தைத் தொடங்கிய அன்றே நாவிதர் ஸக்கி வேடிக்கை பார்க்க வந்தார். வந்தவருக்கு சிகரெட் நீட்டாமல் இருக்க முடியுமா? "அடேயப்பா பயூமி, உன் எழுத்து என்னமா நிமிந்து நிக்குது" என்றார். இன்னொன்று நீட்டினேன். அவர் போய்ச் சொல்ல, காப்பிக்கடைக் கூட்டம் மொத்தமும் தினமும் வந்து என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது, சம்பந்தி மஹ்ரூஸ் உட்பட, அவருக்கு ஒற்றை சிகரெட் நீட்டுவது மரியாதையா, பாக்கெட்டாகவே கொடுக்கிறேன், புகையில் எனக்குக் காகிதமே தெரியவில்லை, அவரோ, "அவசரப்படாதீங்க சம்பந்தி, அழகா எழுதுங்க, எங்களுக்கு ஒரு வேலையும் இல்ல" என்கிறார். இன்ஷிராஹ் சமையலறையிலிருந்து, "ராவியா வாப்பா, கடுதாசிய முடிங்க, இல்லன்னா ஃபிரிட்ஜ் முடிஞ்சிரும்" என்று சத்தம் போடுகிறாள். நேற்று கட்டிலுக்கு அடியில் அவள் துடைப்பம் தாராளமாகப் போய்வந்தது. எனக்குக் கவலையில்லை. சரக்குக் குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும்.

உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு உனக்குப் பேர் வாங்கித் தரட்டும். அக்காளின் கைகளுக்கு என் முத்தம்.

அன்பு மாமன்,
பயூமி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். தரைதான் இருக்கிறது. மஹ்ரூஸிடம் சொன்னேன். இருமி முடித்துவிட்டு, "பாதி ஃபிரிட்ஜ் என் நெஞ்சுக்குள்ளதான் இருக்கு. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட கேப்பேன்? கல்யாணம் நடக்கட்டும்" என்றார். ஆகவே, அமைச்சரிடம் வரியை ஏற்ற வேண்டாம் என்று சொல். எனக்கு ஆறுதல் சொல்ல ஊரே வந்து உட்கார்ந்திருக்கிறது. சிகரெட் வாங்க நானே கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.