கண்ணாடிக் கதவில் ஒரு கை

தன் மனைவியின் பழைய படத்துக்குள் இன்னொரு ஆண்பிள்ளை நிற்பதை லென்ஸ் சார் கண்டுபிடித்தபோது மேஜைக்கு டீ வந்திருந்தது. டீ ஆறிப்போனது. அவர் சூடாகிக்கொண்டிருந்தார்.

லென்ஸ் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அருங்காட்சியகத்தின் பழைய புகைப்படப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். நிழலைப் பார்த்து மணி சொல்வார், செருப்பைப் பார்த்து வருஷம் சொல்வார், நிற்கிற விதத்தைப் பார்த்து யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார்.

அடுத்த வாரம் பழைய ஸ்டூடியோ படங்களின் கண்காட்சி. ஊழியர்கள் ஆளுக்கொரு படம் கொண்டுவர வேண்டும் என்று இவரே உத்தரவு போட்டு, இவரே முதலில் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் அனுப்பிய படம். இந்தப் படத்தின் கதையைக் கேட்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் கிடையாது.

"தபால்ல வந்துச்சு. ஒரே பார்வைதான், இவதான்னு முடிவு பண்ணிட்டேன். கண்ணு அப்படி!" என்பார்.

படத்தைக் கணினியில் பெரிதாக்கிக்கொண்டிருந்த ஸ்கேன் அம்மாள்தான் வினையை ஆரம்பித்து வைத்தாள்.

"சார், அம்மா கேமராவைப் பார்க்கலையே?"

"வெட்கம்."

"வெட்கம்னா குனிஞ்சிருப்பாங்க. இவங்க கேமராவுக்குப் பின்னாடி எதையோ பார்க்கிறாங்க. பார்த்துச் சிரிக்க வேற செய்யறாங்க."

லென்ஸ் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவிக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அதன் கதவில் கேமராவுக்குப் பின்பக்கம் மங்கலாகப் பிரதிபலித்தது. இன்னும் பெரிதாக்கச் சொன்னார். ஓர் ஆள் தெரிந்தான். அடர்ந்த சுருட்டை முடி. தூக்கிய கை பாதி முகத்தை மறைத்திருந்தது. கை மட்டும் கலங்கியிருந்தது.

"கை கலங்கியிருந்தா என்ன அர்த்தம்?" என்றார், பாடம் நடத்துகிற பழக்கத்தில்.

"கை ஆடியிருக்கு சார்."

"கை ஏன் ஆடும்?"

ஸ்கேன் அம்மாள் நல்ல மாணவி. "டாட்டா காட்டியிருக்கார் சார்" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் பெரிதாக்கிய படத்தை மனைவியின் முன்னால் வைத்தார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"அட, இதுல விழுந்திருக்கா!"

"எது விழுந்திருக்கு? யார் இந்த ஆளு?"

"படத்தைப் பார்த்தே எல்லாம் சொல்றவர் நீங்கதானே? பார்த்துச் சொல்லுங்களேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். போனவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடி அவர் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

நேராகக் கேட்டால் வராது, சுற்றி வளைப்போம் என்று மைத்துனரை வரவழைத்தார். படம் எடுத்த அன்று அக்காவோடு துணைக்குப் போனவர் அவர். வந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

"மாமா, என்னை விட்டுடுங்க. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அக்கா அன்னிக்கே எனக்கு மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்கா."

"மாப்ள, மிட்டாய் எப்பவோ கரைஞ்சு போயிருக்கும். சொல்லு."

"வாக்கு கரையுமா மாமா?" என்று எழுந்து ஓடினார். ஓடிய அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பையும் மறு காலில் லென்ஸ் சாரின் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, அந்த ஆள் வழிப்போக்கன் இல்லை. குடும்பத்துக்கே தெரிந்த ரகசியம். லென்ஸ் சாருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இவள் மனசுக்குப் பிடித்தவன் எவனோ கையாட்டிவிட்டுப் போய்விட்டான், மிச்சமிருந்த இடத்தில்தான் இத்தனை வருஷமும் நாம் உட்கார்ந்திருக்கிறோமோ என்று நினைத்தார். அவருக்கு அவளை அவ்வளவு பிடிக்கும். அதை அவளிடம் சொன்னதுதான் இல்லை.

குடும்பம் கைவிட்டால் என்ன, தொழில் இருக்கிறதே. ஆள் தெரியாத படங்களை அருங்காட்சியகம் என்ன செய்யும்? மக்களிடம் கேட்கும். கண்ணாடிக் கதவை மட்டும் வெட்டி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்காட்சியின் வாசலிலேயே மாட்டினார். கீழே எழுதினார்: 'இவரைத் தெரியுமா? தெரிந்தவர்கள் பிரிவுத் தலைவரை அணுகவும்.'

மனைவியை வெட்டியாயிற்று, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நிம்மதியாக இருந்தார். முழுப் படம் உள்ளே, 'பிரிவுத் தலைவரின் துணைவியார்' என்ற அட்டையோடு தொங்குவது அவர் நினைவுக்கு வரவில்லை. அந்த அட்டையை எழுதியவரும் அவரே.

கதவு திறந்ததும் கூட்டம் அம்மியது. தெரிந்தவர்கள் யாரும் வரவில்லை. 'நான்தான் அது' என்று சொல்பவர்கள் வந்தார்கள்.

"ரைட் குடுக்கும்போது நான் இப்படித்தான் கையைத் தூக்குவேன்" என்றார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.

"இந்தச் சட்டை நான் தச்சது. எனக்கே தச்சுக்கிட்டது" என்றார் ஒரு தையல்காரர். அவருடைய மனைவி கூடவே வந்திருந்தார். "யாரைப் பார்த்துக் கையாட்டினே?" என்று அங்கேயே விசாரணை தொடங்கியது.

லென்ஸ் சார் விடவில்லை. எத்தனை வயதானாலும் காதின் வார்ப்பு மாறாது என்பது அவருடைய கட்சி. படத்தில் பாதிக் காது தெரிந்தது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு வந்தவர்களை வரிசையில் நிறுத்திக் காதை அளந்தார்.

"எதுக்குக் காதை அளக்கிறாங்க? கம்மல் தர்றாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள்.

இதற்குள் உள்ளே போய் முழுப் படத்தையும் அட்டையையும் பார்த்துவிட்ட கூட்டம் வெளியே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் லென்ஸ் சாரைப் பார்த்தார்கள். ஒருவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். காவலாளி நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உட்காருங்க சார், தண்ணி குடிங்க" என்றார். இயக்குநர் மாடியிலிருந்து இறங்கி வந்து கை குலுக்கினார். "இப்படி ஒரு கூட்டத்தை நாம பார்த்ததே இல்லை. இன்னும் ஒரு மாசம் நீட்டிச்சிடலாம்!"

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். பின்னால் மைத்துனர், ஜோடி மாறிய செருப்போடு. கூட்டம் தானாக வழிவிட்டது.

லென்ஸ் சார் ஸ்கேலைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணும் கேட்கலை. நடந்தது நடந்துபோச்சு. அந்த ஆளு நல்லவனா, அதை மட்டும் சொல்லு."

"நல்லவர்தான். என்ன, கொஞ்சம் தற்பெருமை ஜாஸ்தி" என்றாள்.

"உனக்கு... ரொம்பப் பிடிக்குமா?"

"ரொம்ப."

லென்ஸ் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரரின் மனைவி முந்தானையை எடுத்துக்கொண்டார்.

"எவன்யா என் படத்தை வெட்டினது?"

கூட்டத்தைக் கைத்தடியால் விலக்கிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர். வாழ்நாளில் தன் படத்தை ஒருவனும் குறை சொன்னதில்லை என்பதை வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

"பொண்ணை எடுத்தா கண்ணாடியில விழுந்ததைப் போய்ப் பெருசு பண்ணி வச்சிருக்கான்! அதுவும் கையாட்டுறானாம். எந்த மடையன் சொன்னது? அது கையாட்டல் இல்லை, தலை சீவல். வேலைக்கு மனுப்போட போட்டோ எடுக்க வந்த பய. நான் இந்தப் பொண்ணை எடுத்து முடிக்கிறவரைக்கும் சீவிக்கிட்டே நின்னான்."

"யாருங்க அவன்?" என்றார் லென்ஸ் சார்.

கிழவர் கண்ணைச் சுருக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய பளபளக்கும் தலையில் பார்வை நின்றது.

"அட நீயா! அத்தனை முடியும் எங்கேப்பா போச்சு? 'அந்தச் சீப்புக்காரர் விலாசம் குடுங்க, இந்தப் படத்தை அவங்க வீட்டுக்குத்தான் அனுப்பணும்'னு இந்தப் பொண்ணு என்கிட்ட அன்னிக்கே கேட்டு வாங்கிட்டுப் போச்சே!"