கூரைக்குக் காவல்

சனிக்கிழமை ஃபிண்ட்லேக்குப் போவதில்லை என்று லெஸ்டர் நோவிட்ஸ்கி உறுதி எடுத்துக்கொண்டான். அதை மனைவி டோரினிடம் சொல்லும் தைரியம்தான் வரவில்லை.

ஃபிண்ட்லேயில் டோரினின் அக்காள் மகளுக்கு, பிறக்கப்போகும் குழந்தையை முன்னிட்டு விருந்து. ஆண்கள் ஓரமாக உட்கார்ந்து கேக் தின்றபடி குட்டிச் சட்டைகளைப் பார்த்து வியக்க வேண்டும். இங்கே மௌமி ஆற்றிலோ 'வால்-ஐ' என்ற மீன்கள் ஏரியிலிருந்து முட்டையிட ஏறிவந்துகொண்டிருந்தன. ஏப்ரலில் டொலீடோ ஊர் ஆண்பிள்ளை நிற்கவேண்டிய இடம் இடுப்பளவுத் தண்ணீர். இந்தச் சனிக்கிழமையை விட்டால் மீன்கள் ஏரிக்குத் திரும்பிவிடும். பிறகு அடுத்த வருஷம்தான்.

ஆகவே லெஸ்டர் ஜீப்பின் கெட்டிக் கூரையில் கைவைத்தான். ஊரார் வெயில் வந்ததும் மே மாதம் கழற்றுவதை இவன் வெள்ளிக்கிழமையே கழற்றி, கராஜ் உத்தரத்தில் கப்பி போட்டுத் தொங்கவிட்டு, பளபளப்புக்கான செராமிக் பூச்சு பூச ஆரம்பித்தான். காயும்வரை கூரையை மாட்டக் கூடாது. டோரினின் கார் பழுது பார்க்கப் போயிருந்தது. சனிக்கிழமை மழை என்றது வானொலி. திட்டத்தில் ஓட்டையே இல்லை. ஓட்டை ஜீப்பில்தான். "சும்மாதானே இருக்கேன், கூட்டாளியோட லாரியில ஆத்துப்பக்கம் போயிட்டு வரட்டுமா" என்று காலையில் கேட்பதுதான் மிச்சம்.

பூசியதை உடனே துடைக்காவிட்டால் கறுப்புக் கூரையில் வானவில் திட்டாக நின்றுவிடும். துடைத்தான், விளக்கைச் சாய்த்துப் பார்த்தான், மறுபடி துடைத்தான். அப்போது டோரின் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றாள்.

"எப்பக் காயும்?"

"நாளைக்குச் சாயந்தரம் ஆயிடும்."

"அப்ப ஃபிண்ட்லே?"

போக முடியாததில் தனக்கும் வருத்தம்தான் என்றான் லெஸ்டர். அவள் கோபப்படவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அதுதான் அவனுக்குப் புதிது. கோபப்பட்ட டோரினை அவனுக்குத் தெரியும், கால் மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவாள். தலையாட்டும் டோரினை எதில் சேர்ப்பது? பயத்தில் பேசிக்கொண்டே போனான். தூசி படக் கூடாது, கராஜ் ஹீட்டர் அணையக் கூடாது, திட்டு எழும்பினால் அந்த நிமிஷமே துடைக்கணும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் போகாது.

"அப்ப பக்கத்துலயே ஒரு ஆள் இருக்கணும்."

"இருக்கணும்," என்றான், யோசிக்காமல்.

அவள் உள்ளே போனபிறகுதான் உறைத்தது. தன் ஆற்றுக்குத் தானே அணை கட்டியிருந்தான். மேலாகக் காய்ந்துவிட்டது, இனிக் காவல் வேண்டாம் என்று காலையில் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தேற்றிக்கொண்டான்.

காலையில் வாசலில் அவனுடைய மீன்பிடிக் கூட்டாளி ப்ரூனோவின் லாரி நின்றது. பக்கத்தில் டோரின். மார்பு வரை ஏறும் லெஸ்டரின் ரப்பர் கால்சட்டை அவள் மேல் இருந்தது. கையில் அவன் தூண்டில்.

"நீ கூரையை விட்டு நகர முடியாதுன்னு ப்ரூனோகிட்ட சொன்னேன். லாரியில சீட் காலியா இருக்குன்னான்," என்றாள். "கால்சட்டை கொஞ்சம் பெருசு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்கிட்டேன்."

ப்ரூனோ லாரியின் டயரை உன்னிப்பாகப் பார்த்தான்.

"விருந்து?" என்றான் லெஸ்டர்.

"ஜீப்புக்குக் கூரை இல்ல, வர முடியாதுன்னு நேத்தே அக்காகிட்ட சொல்லிட்டேன். எப்படித் தப்பிக்கிறதுன்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தேன் ராசா. நீ நல்லா இருப்ப."

லெஸ்டர் கடைசி அம்பை எடுத்தான். "டோரின், இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். காஞ்சிடுச்சு."

டோரின் தூண்டிலைச் சுவரில் சாய்த்தாள்.

"காஞ்சிடுச்சா? நல்லதாப் போச்சு. ப்ரூனோவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு மாட்டிவிட்டுப் போறோம். பரிசுப் பொட்டலம் மேஜைமேல இருக்கு. நீ மட்டும் வர்றேன்னு அக்காவுக்கு ஒரு போன் போடுறேன்."

ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. லெஸ்டர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் ஈரமாத்தான் இருக்கு," என்றான்.