ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத கை

கடிகாரம் பழுது பார்ப்பவர் நாற்காலியிலிருந்து விழுந்த கதை தெருவுக்கே தெரியும். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஏறினார். சாவி கொடுத்தார். கடிகாரம் ஓடியது. நாற்காலியும் ஓடியது. வலது மணிக்கட்டு பொம்மென்று வீங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றாள் மனைவி.

"நடக்காது! இந்த உடம்பு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காது!"

சபதம் புதிதல்ல. போன வருஷம் கடைவாய்ப்பல் சொத்தையானபோது எடுத்தது. அன்றிலிருந்து அவர் வாயில் ஒரு கிராம்பு நிரந்தரமாகக் குடியிருக்கிறது. பல்வலியும் காலி செய்யவில்லை.

இந்தத் தடவை பிடிவாதத்துக்குள் பயமும் இருந்தது. அவர் அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில்தான் மாவுக்கட்டு போட்டார்கள். கட்டு சரியில்லையா, அண்ணன்தான் சொன்னபடி கேட்கவில்லையா, யாருக்கும் தெரியாது. பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. எள்ளளவு திருகாணியை இடுக்கியில் பிடித்து உட்கார வைக்கும் கைக்கு அப்படி ஆகிவிட்டால்? அதற்குமேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

"எனக்கு நாட்டு வைத்தியம்தான். ஆஸ்பத்திரி கட்டுறதுக்கு முன்னாடி ஊர்ல ஒருத்தரும் கையை உடைச்சுக்கலையா?"

மனைவி எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"சரிங்க. எனக்குத் தெரிஞ்ச எலும்பு வைத்தியர் ஒருத்தர் இருக்கார். அப்பா காலத்துலேர்ந்து அவங்களுக்கு இதான் தொழில். வீட்டுக்கே வருவார்."

மாலையே வந்தார். கையை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே வேணும்யா" என்றார்.

"நாட்டு வைத்தியத்துக்கு எதுக்கு எக்ஸ்ரே?"

"எங்கப்பா தடவியே கண்டுபிடிப்பார். அது அவர் விரல். நான் கண்ணாலயும் பார்க்கணும்."

எக்ஸ்ரே எடுக்கும் இடம் தெருமுனையில், போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரி இல்லையே! சபதம் பிழைத்தது. வைத்தியர் கைக்கு அட்டை வைத்துக் கட்டிவிட்டு, படத்தோடு கிளம்பிப் போனார். மறுநாள் காலை திரும்பி வந்து, "எலும்பு விலகல. விரிசல்தான்" என்றார்.

கட்டுப் போடும்போது கடிகாரக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏதோ எண்ணெய் வாசனை வந்தது. பஞ்சு சுற்றினார்கள். அதன்மேல் ஈரமாக இன்னொன்று.

"என்ன மருந்து இது?"

"வெள்ளை மண்ணுங்கய்யா."

"ஐயோ, கை சூடாகுதே!"

"ஆகும். இறுகுதுல்ல."

கண்ணைத் திறக்காமலே அவர் பூரித்துப் போனார். "பார்த்தியாடி மண்ணோட சக்தியை!"

"பார்த்துட்டுத்தாங்க இருக்கேன்" என்றாள் மனைவி, மேலே ஒரு பச்சைத் துணியைச் சுற்றியபடி.

"எலும்பை எத்தனை நாள்ல ஒட்ட வைப்பீங்க?"

"நான் ஒட்ட வைக்கலய்யா. அது தானா ஒட்டிக்கும். அதுவரைக்கும் அசையாம பிடிச்சுக்கறதுதான் நம்ம வேலை. விரலை மட்டும் தினமும் மடக்கி நீட்டுங்க. உங்க அண்ணனுக்கு ஆன மாதிரி ஆகாது."

அண்ணன் கதை இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு நாளில் முதல் தடவையாகப் பயம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆறு வாரம், கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பச்சைக் கட்டைக் காட்டி ஒரே பிரசங்கம். கடிகாரத்துக்குள் ஒரு தலைமுடி கிடந்தாலும் கண்டுபிடிக்கிற கண், தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மனைவி சோறு ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டாள், விரல் மடக்க எண்ணிக்கை சொன்னாள். "இன்னும் பத்துங்க. ஏமாத்தாதீங்க."

ஏமாற்றுவதைப் பற்றி அவள் பேசினாள்!

கட்டு பிரித்து இரண்டு வாரம் கழித்து இடுக்கியை எடுத்தார். திருகாணி உட்கார்ந்தது. கை நடுங்கவில்லை, கண்தான் கலங்கியது. மனைவி பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்லாமல் இருப்பாரா? பழைய சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தன் கையாலேயே சரிசெய்து, அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமலே என் கையைக் காப்பாற்றிய வைத்தியருக்கு.'

"அவர் வேலை பார்க்கிற இடத்துலயே மாட்டிட்டு வரணும்."

"மாட்டிடலாங்க. நானும் வர்றேன்."

பேருந்தை விட்டு இறங்கினார்கள். பெரிய கேட், நீளமான தாழ்வாரம், மருந்து நெடி.

"என்னடி, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

"மாதிரி எல்லாம் இல்லைங்க."

கதவில் 'மாவுக்கட்டு அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே வைத்தியர், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வாளியில் வெள்ளை மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கய்யா! அன்னிக்கு உங்க படத்தைப் பார்த்தாரே, எங்க டாக்டர், அவர்கூட விசாரிச்சார்."

கடிகாரக்காரர் வாளியைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவங்க அப்பா நாட்டு வைத்தியர்தாங்க. அதுல பொய் இல்ல" என்றாள் அவள். பிறகு குரல் இறங்கியது. "அந்தக் கை போயிடுமோன்னு உங்களுக்கு மட்டுந்தான் பயமா?"

அவர் கடிகாரத்தை எடுத்து வைத்தியரிடம் நீட்டினார். கடிகாரம் சுவரில் ஏறியது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் அடியில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்கள்.

"போதும், வா. வீட்டுக்குப் போகலாம்."

"அதுக்குள்ளயா? வாசலைத்தான் மிதிச்சாச்சே. மாடியில பல் டாக்டர் இருக்கார். உங்களுக்கு டோக்கன் காலையிலயே போட்டாச்சு."