தூக்கிய வண்டி

மனிதனுக்கு வாழ்வில் உயர்வு வேண்டும். அதை எப்படி அடைவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. வீரவநல்லூர் உரக்கடை அதிபர் வன்னியராஜ், தம்முடைய ஜீப்பை உயர்த்தினால் போதும் என்ற முடிவுக்கு வந்தார்.

காரணம் இருந்தது. நாங்குநேரியில் கொழுந்தியாள் கல்யாணம். போன விசேஷத்தில் மாமனார் வீட்டார் அவரை ஏனென்று கேட்கவில்லை. "இந்த மட்டம் நாம போய் எறங்குனா மண்டபமே அசரணும்" என்று மனைவி முத்துராணியிடம் சூளுரைத்தார்.

மேலப்பாளையம் மெக்கானிக் சல்மான் ஃபாரிஸ் வண்டியை உயர்த்தி, சேற்றில் ஓடும் ராட்சத டயர்களை மாட்டினான். உயரே போனவர்களுக்கு வளைந்து கொடுக்க வராதல்லவா? வண்டிக்கும் வரவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப வன்னியராஜ் ஒருவர் போதாமல் முத்துராணியும் ஒரு கை பிடித்தாள். ஆகவே அதைக் கழற்றிவிட்டு பவர் ஸ்டியரிங் வைத்தார்கள். பிறகு ஒற்றை விரலுக்கே வண்டி திரும்பியது. சேற்றைக் கண்டால் மட்டும் வன்னியராஜ் சுற்றிக்கொண்டு போனார். புது டயர் அழுக்காகிவிடுமே!

கல்யாணத்தன்று காலை, நெடுஞ்சாலையில் உதவி ஆய்வாளர் குற்றாலலிங்கம் கைகாட்டி நிறுத்தினார்.

"வண்டி யாருதுவே?"

"என்னுதுதான் சார். போன மாசம்தான் தூக்குனேன்" என்றார் வன்னியராஜ் பெருமையாக.

ஆய்வாளர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்கன வச்சுத் தூக்குன?"

"மேலப்பாளையத்துல சார். பட்டப்பகல்லயே தூக்கியாச்சு. சல்மான் ஃபாரிஸ்னு ஒரு பையன். தூக்குறதுல அவன அடிச்சுக்க ஆளு கெடையாது."

"பொறவு?"

"ஸ்டியரிங்க மாத்தி, வீல மாத்தி... இப்பம் கம்பெனிக்காரனே வந்தாலும் அடையாளம் தெரியாது சார்!"

இவ்வளவு தெளிவான வாக்குமூலம் குற்றாலலிங்கத்தின் பணிக்காலத்தில் கிடைத்ததில்லை. வண்டியும் வண்டியில் இருந்தவர்களும் காவல் நிலையம் போய்ச் சேர்ந்தனர்.

பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால், வண்டி வன்னியராஜின் பெயரிலேயே இருந்தது. சட்டம் இதற்கெல்லாம் கலங்குவதில்லை. பறிகொடுத்தவர் வன்னியராஜ், களவாடியவரும் அவரே என்று தீர்மானமாயிற்று. பறிகொடுத்தவருக்கு நாற்காலி தர வேண்டும், களவாடியவர் நிற்க வேண்டும். எனவே கேள்விக்குத் தகுந்தபடி அவர் உட்கார்ந்து எழுந்தார்.

முத்துராணிக்குப் பொறுக்கவில்லை. "சார், முகூர்த்தத்துக்கு நேரமாவுது. இவிய வண்டிய உசத்தித்தான் வச்சிருக்காவ, களவாங்கல."

ஆய்வாளரின் முகம் இருண்டது. "உசத்துனதா? யோசிச்சுப் பேசும்மா. களவுன்னா, பறிகொடுத்தவரு பெரிய மனசு பண்ணி புகார் வேண்டாம்னுட்டா சமாதானமாப் போயிரலாம். அனுமதியில்லாம உசத்துனதுன்னா வண்டி இங்கனதான் நிக்கும். டயரு, ஸ்டியரிங்கு எல்லாத்தையும் கழட்டிப் பழையபடி ஆக்குன பொறவுதான் பேச்சே."

வன்னியராஜ் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து கைகட்டி நின்றார். "களவாண்டதுதான் சார்!"

"என்னங்க இது!"

"நீ சும்மா கெட. களவாண்டவனுக்குத் தெரியாதா?"

பிறகு பறிகொடுத்தவராக உட்கார்ந்து, தம்மைப் பெருந்தன்மையுடன் மன்னித்தார். இருதரப்பும் கைகுலுக்க வேண்டும் என்றார் ஆய்வாளர். வன்னியராஜின் வலது கை இடது கையைப் பிடித்துக் குலுக்கியது. "இனிமே ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கணும், என்ன?" என்று எச்சரித்து ஆய்வாளர் வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் இவர்களைக் காவல் நிலைய வாசலில் பார்த்து, விசாரித்துவிட்டு, முந்திக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டார். மணப்பெண் வழியில் சொந்தம் என்பதால் நானும் அங்கேதான் இருந்தேன்.

ஜீப் வந்து நின்றது. அதன் உயரத்தை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"மருமவன் வண்டி தூக்குற ஆளாம்லா! போலீசே சமாதானம் பேசி அனுப்பியிருக்கு" என்று மாமனாரின் காதில் உறவுக்காரர் ஓதினார்.

"ஆத்தாடி! அப்பம் பெரிய கைதான்" என்று மாமனார் பதறி எழுந்தார். அவரைப் பார்த்து மண்டபமே எழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசை சோபாவைக் காலி செய்தார்கள்.

வன்னியராஜ் எடை குறைக்காமல் உரம் விற்கும் யோக்கியர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக இன்றுவரை ஒருவரும் எழுந்ததில்லை. நானும்தான் எழுந்து நின்றேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன்.