தறிக்குழிக்கு நாடி பார்த்தவர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு தறியில் இறங்கிவிட்டவன் நான். பத்திரிகை ஆசிரியர் பொறுத்துக்கொண்டு திருத்திப் போட வேண்டும்.

ஒரு சுவரை உடைக்காமல், கீறாமல், உள்ளே எவ்வளவு இறுகியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். கோயில் தூண்களே அவரைக் கண்டால் நிமிர்ந்து நிற்கும். மெட்ராஸில் சிமெண்ட் ஆராய்ச்சி செய்துவிட்டு, இங்கே அரசாங்க வேலைக்கு வந்தவர். எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தார். மைல்கல், படிக்கட்டு, ஆட்டுக்கல் என்று எதையும் விரலால் தட்டிக் குசலம் விசாரிக்காமல் தாண்ட மாட்டார். தெருவில் அவருக்கு நாடி இன்ஜினியர் என்று பெயர்.

ஓர் ஐப்பசி மழையில், நான் காலை விட்டு மிதிக்கும் தறிக்குழியில் முழங்கால் அளவு ஊற்று. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை என் கையாலேயே நெய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். இன்ஜினியர் தண்ணீரை இறைக்கச் சொல்லி, ரப்பர் பால் கலந்த சிமெண்ட்டைக் குழிக்குப் பூச வைத்தார்.

“ஆணியால குத்திப் பாத்துட்டுத் தறிய எறக்குப்பா,” என்றார் பூசி முடித்த கொத்தனார்.

“குத்திப் பாக்கறது வைத்தியமில்ல, கொலை,” என்று இன்ஜினியர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து இரண்டு பித்தளை வில்லைகள் தொங்கின. ஒரு வில்லையிலிருந்து கிளம்பும், காதுக்கு எட்டாத சத்தம் சிமெண்ட்டுக்குள் ஓடி மற்ற வில்லைக்கு வரும். சிமெண்ட் இறுக இறுகச் சத்தம் வேகமாக வரும்; அதற்கேற்பப் பெட்டியின் கண்ணாடியில் ஒரு பச்சைக் கோடு இடம் மாறித் துள்ளும்.

வில்லை ஒட்ட கிரீஸ் தடவப் போனார். பட்டு நெய்யும் இடத்தில் கிரீஸா என்று அம்மா பிடித்துக்கொண்டாள். பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை வாங்கித் தடவினார். மீதியை உப்புப் போட்டுக் குடித்துவிட்டார்.

இதே கலவையில் அவர் அறையிலும் ஒரு பலகை வார்த்து வைத்திருந்தார். நாலாம் நாள் குழியையும் பலகையையும் அளந்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ரெண்டும் ஒரே நாள் பொறந்த புள்ளைங்க. அவன் ஒண்ணு சொல்றான், இவன் ஒண்ணு சொல்றான்.”

அப்போது அம்மா குடத்தோடு வந்தாள்.

“நவுருங்க சார், காலைலேர்ந்து தண்ணியே ஊத்தல.”

“தினமும் ஊத்தறீங்களா?”

“புது சிமெண்ட்டக் காய உடலாமா? வேளாவேளைக்கு ஊத்திக்கினுதான் இருக்கேன்.”

அவர் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். “அம்மா, இது ரப்பர் பால் குடிச்ச புள்ள. மொத நாள் ஈரம் போதும். அப்புறம் காத்தாட வுட்டாதான் அந்தப் பால் உள்ள தோலாட்டம் படியும்.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?”

அவர் அம்மாவின் குடத்தை வாங்கி வெளியே வைத்தார்.

மறுநாளிலிருந்து பனை விசிறியோடு குழிக்குள் குடியேறினார். சாப்பாடும் அங்கேதான்.

“பிரசவம் ஆச்சா சார்?” என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

“இன்னும் வலி எடுக்கலப்பா,” என்பார் இவர், விசிறியை நிறுத்தாமல்.

ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். பச்சைக் கோடு, அவர் பலகையில் நின்ற அதே இடத்தில் துள்ளி நின்றது. யாரும் தொடாமல், யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரு குழைசல் உள்ளுக்குள் கல்லாகியிருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“எறக்குப்பா தறிய,” என்றார்.

தங்கை அந்தப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறும்போது எல்லோரும் அட்சதை போட்டோம். அவர் மட்டும் குனிந்து மண மேடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாற்றலாகிப் போய்விட்டார். தறியில் இறங்குமுன் இன்றைக்கும் குழிச்சுவரை ஒருமுறை விரலால் தட்டுவேன். நல்லாயிருக்கீங்களா சார் என்று கேட்பது போல.

எழுதி முடித்தது: ஐப்பசி அமாவாசை. வெளியே அடைமழை. என் கால் காய்ந்திருக்கிறது.