எராபோர் பெரியப்பாவும் எமரால்ட் மீட் பையும்

“அப்போ வெள்ளிக்கிழமை எமரால்ட் தானே?” என்றான் புரோமிஸ்.

இயாரே கணக்குப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்த நாள். பெனின் நகரத்தில் தண்ணீர்த் தொட்டி விற்கும் அந்தக் கம்பெனியில் மொத்தம் இருபது பேர். யாருக்குப் பிறந்த நாளோ அவர்தான் மற்றவர்களின் வாயை அடைக்கவேண்டும். போன வருஷம்வரை தெருமுனைக் கண்ணாடிப் பெட்டியில் விற்கும், மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட மீட் பையே போதுமானதாக இருந்தது. அதற்குள் உருளைக்கிழங்கும் காரட்டும் குடியிருக்கும். கறி எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். யாரும் குறை சொன்னதில்லை.

பிறகு விற்பனைப் பிரிவு ரோஸ்லின் தன் பிறந்த நாளுக்கு எமரால்ட் பேக்கரியிலிருந்து தங்கக் கலர் டப்பாவில் மீட் பை கொண்டுவந்தாள். அன்றோடு எல்லாருடைய நாக்கும் பெரிய மனுஷ நாக்காகிவிட்டது. எமரால்ட்காரனும் நாளொரு விலை போட ஆரம்பித்தான்.

இயாரேயிடம் பணம் இல்லாமல் இல்லை. இருந்தது. மகள் எசோசாவின் பரீட்சைக் கட்டணம். திங்கட்கிழமை கடைசி நாள். அதைத் தவிர அவர் சட்டைப்பையில் ஒரு பேனாதான் இருந்தது. அதுவும் கம்பெனிப் பேனா.

“எனக்கு அல்சர் புரோமிஸ். டாக்டர் மைதாவே ஆகாதுன்னுட்டார்.”

“நீ ஏன்டா சாப்பிடணும்? நாங்க சாப்பிடறோம்.”

“பஃப் பஃப் வாங்கட்டுமா? சூடா, மெத்துனு...”

அறையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ரோஸ்லின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “எண்ணெயில பொரிச்ச மாவு உருண்டையா? இயாரே, நாங்க உனக்கு என்ன துரோகம் பண்ணினோம்?”

“இல்ல, வெள்ளிக்கிழமை சர்ச்சுல விரதம். அன்னிக்கு விருந்து வைக்கக்கூடாது.”

“விரதம் ஆறு மணிக்கு முடிஞ்சிடும். காத்திருக்கோம்” என்றான் புரோமிஸ். அந்த ஆள் சம்பள உயர்வுக்குக்கூட அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததில்லை.

சுற்றி நின்றவர்களைப் பார்த்தார் இயாரே. கதவைப் பார்த்தார். அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

“எங்க எராபோர் பெரியப்பா செத்துப் போயிட்டார்!”

ரோஸ்லின் கை நெஞ்சிலிருந்து இறங்கியது.

உசென் கிராமத்தில் பாமாயில் வியாபாரம் பண்ணிக்கொண்டு, எருமை மாதிரி ஆரோக்கியமாக இருக்கும் மனிதர் எராபோர் பெரியப்பா. நகரத்துப் பக்கம் வரவே மாட்டார். அந்த ஒரே தகுதிக்காக அவர் இறக்க நேர்ந்தது.

“ஐயோ தம்பி!” என்று அலறினாள், துடைப்பத்தோடு வந்த மாமா பிளெஸ்ஸிங். அலுவலகம் கூட்டித் துடைக்கும் அம்மாள் அவள்; அந்த ஊரில் ‘மாமா’ என்றால் அம்மா. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புரோமிஸ் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா மேடம் ஒகுன்போர் அறையைவிட்டு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

“ச்சே, பாவம். வீட்டுக்கு வந்து விசாரிக்கணுமே!”

“வேண்டாம் மேடம், எல்லாம் கிராமத்துல...”

“உன் வீட்டுக்கு வர்றோம். வெள்ளிக்கிழமை. மத்தியானம். ஒருத்தர் விடாம எல்லாரும்.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போது மேடம் குரல் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

பிறந்த நாள் ஒழிந்தது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார் இயாரே. மனைவி இடோஹன் நின்றபடியே முழுக்கதையையும் கேட்டாள்.

“உயிரோட இருக்கிறவரைக் கொன்னுட்டீங்க. சரி. துக்கம் கேட்க வர்ற அத்தனை பேருக்கும் என்ன குடுக்கப்போறீங்க?”

இயாரே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் செத்தவருக்கே அவமானம். பிறந்த நாளுக்காவது ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று இழுக்கலாம். சாவுக்குத் தவணை கிடையாது. இதை எப்படி மறந்தார்?

“வர்றவங்களுக்கு வழக்கம்போலக் கோலா கொட்டையும் கடலையும் வெச்சா போதாதா?”

அதற்குள் போன் அடித்தது. புரோமிஸ்தான்.

“மனசைத் தேத்திக்க இயாரே. மேடம் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. துக்க நேரத்துல நீ எதுவும் பெரிசா பண்ணக்கூடாதாம். அவங்களுக்குக் கோலா கொட்டை நெஞ்சைக் கரிக்குமாம். சும்மா மீட் பை போதுமாம்.”

“எந்த...”

“எமரால்ட்.”

இடோஹன் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்து அறையில் எசோசா சத்தம்போட்டு வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் இயாரேயின் சட்டைப்பையில் வந்து விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை எமரால்டில் பன்னிரண்டு மீட் பை கேட்டார். கடைப்பெண் சொன்ன தொகையைக் கேட்டதும் பின்னால் நிற்பவருக்குச் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“திங்கட்கிழமை விசாரிச்சுட்டுப் போனேனே! இவ்வளவு இல்லையே!”

“அது திங்கட்கிழமை விலை சார். மாவு ஏறிடுச்சு, வெண்ணெய் ஏறிடுச்சு, டீசல் ஏறிடுச்சு.”

“கறி?”

“கறியும்தான் ஏறுச்சு. அதனாலதான் சார் அதைக் குறைச்சுட்டோம்.”

எசோசாவின் கட்டணத்துக்குப் பத்து மீட் பைதான் வந்தது. டப்பா மட்டும் முன்னைவிட அழகாக இருந்தது.

மத்தியானம் கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. கறுப்பு உடையில் எல்லாரும் இறங்கினார்கள். மாமா பிளெஸ்ஸிங் தெருவிலேயே அழுகையை ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனக்கே தெரியாமல் யாரோ செத்துவிட்டார்களே என்று எதிர்வீட்டுக்காரர் அதிர்ந்துபோய் லுங்கியைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார்.

“பெரியவர் படம் எங்கே?” என்று கேட்டார் மேடம்.

படம்! இடோஹனும் இயாரேயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இடோஹன் உள்ளே ஓடினாள். கல்யாணத்தன்று தொப்பியும் பவள மாலையுமாக இயாரே எடுத்துக்கொண்ட படத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, முன்னால் ஒரு மெழுகுவர்த்தியையும் ஏற்றிவிட்டாள்.

புரோமிஸ் நெருங்கிப் பார்த்தான். “அப்படியே உன் சாயல்டா!”

“குடும்ப ஜாடை.”

“ஆனா உன்னைவிடக் களையா இருந்திருக்கார்.”

பிறந்த நாளும் அதுவுமாகத் தன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிவதையும், இருபது வருஷமாகத் தன்னோடு வேலை பார்த்தவர்கள் அதைப் பார்த்துத் தலை குனிவதையும் இயாரே வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சேர்ந்து துதிப்பாடல் பாடினார்கள். மாமா பிளெஸ்ஸிங் மட்டும் படத்தைத் தடவித் தடவி அழுதாள். நடிப்பே இல்லாத அழுகை.

“போன வருஷம் எங்க அண்ணனும் இப்படித்தான் போனான் தம்பி. யாருமே வந்து கேக்கலை. உனக்கு இத்தனை பேர் வந்திருக்கோம், நீ குடுத்து வெச்சவன்.”

இயாரேக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நல்லவேளையாகத் தட்டு வந்தது. பத்தையும் இரண்டிரண்டாக வெட்டியிருந்தாள் இடோஹன். வெட்டின பக்கம் கீழே இருந்தது. புரோமிஸ் ஒன்றை எடுத்துத் திருப்பினான். உள்ளே இடம் நிறைய இருந்தது.

“இது என்னது, வாடகைக்கு விட்டிருக்கானா?”

“உருளைக்கிழங்கைக்கூடக் காணோம்!” என்று ரோஸ்லின் திகைத்தாள்.

“எனக்குக் கிடைச்சிடுச்சு! கறி!” என்று மூலையிலிருந்து ஒருவர் கத்தினார். துக்க வீடு என்பதையும் மறந்து நாலு பேர் எழுந்து போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அது மிளகு என்று சொல்லி உட்கார்ந்தார்கள்.

“எங்க தெருவுல கண்ணாடிப் பெட்டிக்காரி இந்த விலைக்கு ஆறு குடுப்பா” என்றாள் மாமா பிளெஸ்ஸிங், கண்ணைத் துடைத்தபடி.

“அநியாயம்! இந்த விலை குடுத்து இதை எவனாவது வாங்குவானா?” என்று கேட்டுவிட்டு மேடம் ஒகுன்போர் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். அதுதான் இயாரேயின் துண்டு.

பிறகு மேடம் ஒரு கவரை எடுத்து அவர் கையில் அழுத்தினார். “நான் தர்றது. பெரியப்பா காரியத்துக்கு வெச்சுக்க.”

படுக்கையறையில் போய்ப் பிரித்தார்கள். மீட் பைக்குப் போன பணம் அப்படியே திரும்பி வந்திருந்தது. இடோஹன் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தாள்.

“கடவுளே! எசோசாவுக்குக் கட்டிடலாம்!”

“வேண்டாம்.”

“என்ன வேண்டாம்?”

“மீட் பைக்குப் பயந்து ஒரு பொய் சொன்னேன், சரி. சாவுப் பணத்தை வாங்கி என் பொண்ணைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டேன். மாமா பிளெஸ்ஸிங் அழுததைப் பார்த்தியா நீ? கட்டணத்துக்கு என் போனை வித்துடறேன்.”

“மேடத்துகிட்ட உண்மையைச் சொன்னா வேலை போயிடும்!”

“போகட்டும்.” மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை. அவர் கூடத்தில் இன்னொரு துதிப்பாடலின் கடைசி அடியில் இருந்தார். இயாரே பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வேனுக்கு ஓடினார்.

டிரைவர் இன்னோசன்ட் ஸ்டியரிங்மேல் தட்டை வைத்துக்கொண்டு உதிர்ந்த தூளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

“இன்னோசன்ட், இந்தக் கவரை நீயே மேடத்துகிட்ட திருப்பிக் குடுத்துடு. எங்க பெரியப்பா சாகலை. நான் பொய் சொல்லிட்டேன்.”

இன்னோசன்ட் அசரவில்லை. “தெரியும் சார்.”

“தெரியுமா!”

“நேத்து உசெனுக்குத் தொட்டி இறக்கப் போனேன். வாங்கினதே உங்க பெரியப்பாதான். உங்க பேரைச் சொல்லித் தள்ளுபடி வேற கேட்டார்.”

இயாரே வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். “இதை மேடத்துகிட்ட சொல்லிடலையே?”

“இங்க கிளம்பும்போதே சொல்லிட்டேன் சார்” என்றார் இன்னோசன்ட், விரலை நக்கியபடி. “‘வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு. இன்னிக்கு எனக்கும்தான் பிறந்த நாள்’னாங்க.”