ஆலங்குடி சாலையில் மனம் திறந்தேன்

ஓய்வு பெற்ற ஆண்கள் சைக்கிள் வாங்கக் கூடாது. வாங்கினாலும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் இரண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று என் மனைவி சாந்திக்கு.

யோசனை மகளுடையது. அவள் வேலைக்காக பெங்களூரு போன பிறகு திருச்சி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். "காஸ் வந்துச்சா", "மோட்டார் போட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. சண்டையும் கிடையாது (இருந்திருந்தால் பேச்சாவது இருந்திருக்கும்). "ரெண்டு பேரும் எங்கயாச்சும் சைக்கிள்ல போயிட்டு வாங்கப்பா" என்றாள் மகள். நான் நன்றாக யோசித்து மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கோட்டைப்பட்டினம் கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆலங்குடியில் இட்லி சாப்பிட்டுக் கிளம்பினோம். அன்று பார்ப்பதற்கு எதுவும் இல்லை, புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தால் போதும். செம்மண், தைலமரம், மறுபடியும் தைலமரம். சாந்தி காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. முன்னால் நான் போக, அவள் சைக்கிளின் கிரீச் சத்தம் மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. கூட ஆள் இருக்கும்போது வருகிற தனிமை ரொம்ப மோசம். வெளியே சொல்லவும் முடியாது.

திருவரங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குத் திடீரென்று துணிச்சல் வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. சாலையைப் பார்த்துக்கொண்டே சத்தமாக ஆரம்பித்தேன்.

"நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"ம்" என்று பின்னால் கேட்டது. (வெயிலில் தொண்டை கட்டிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.)

"வீட்ல நான் இருக்கேங்கறது ஒனக்குத் தெரியுதான்னே சந்தேகமா இருக்கு."

"ம்."

"மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு போன் பேசுறேன்ல, அது கஸ்டமர் கேருக்கு. நெட் நல்லாத்தான் வேலை செய்யுது. செய்யலைன்னு பொய் சொல்லுவேன். கடைசியில அந்தப் பொண்ணு, 'வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்'னு கேக்கும். அதைக் கேக்கத்தான் பேசுறேன்."

இதற்கு "ம்" வரவில்லை. சற்றுப் பொறுத்து, "கஷ்டந்தாங்க" என்றது ஓர் ஆண் குரல்.

பிரேக்கைப் பிடித்த பிடியில் சாலையோரத்துச் சீமைக்கருவைக்குள் போய் விழுந்தேன். எழுந்து பார்த்தால், கிரீச் கிரீச்சென்று ஒரு பழைய சைக்கிள். அதன் கேரியரில் பெரிய பலாப்பழத்தைக் கட்டிக்கொண்டு என் வயதுக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. சாந்தி இல்லை.

"எப்ப இருந்துங்க பின்னாடி வர்றீங்க?"

"நீங்க பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே வாரேன். எங்கிட்டத்தான் பேசுறீங்கன்னு நெனச்சேன். பாதியில முந்திக்கிட்டுப் போனா மரியாதையா இருக்காதுல்லங்க."

பழம் திருவரங்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்காம். பின்னால் வந்த மனைவியைக் காணோம் என்றேன். "நான் இங்கிட்டு நெழல்ல நிக்கிறேன். நீங்க அங்கிட்டுப் போயி அம்மாவைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

வந்த வழியே மிதித்தேன். சாந்தியின் போன் என் பையில் இருந்தது. ஒரு லோடு வண்டி புழுதியை என் முகத்தில் இறைத்துவிட்டு எதிரே போனது. வேறு ஆள் நடமாட்டமே இல்லை. பஸ் ஏறி ஊருக்கே போய்விட்டாளோ என்று தோன்றியது. போயிருந்தால், ஏன் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வராது என்றும் தோன்றியது.

வழியில் ஒரு டீக்கடைக்கார அம்மாவிடம் விசாரித்தேன்.

"பஞ்சராகி இங்கனதான் நின்னாங்க. ஒங்களைக் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்தாங்க, நீங்கதான் காதுலயே வாங்கல. இப்பத்தான் லோடு வண்டியில சைக்கிளோட ஏறிப் போறாங்க. எதுக்க பாக்கலையா?"

புழுதிக்குக் கண்ணை மூடிக்கொண்டதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பி வந்தேன். மர நிழலில் சாந்தியும் பலாப்பழக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா தலையிலயும் ஒங்க மாதிரியே தொப்பி இருந்துச்சு. நாந்தான் வண்டிய நிப்பாட்டி எறக்குனேன்" என்றார் அவர். "நீங்க சொன்னதெல்லாம் சொல்லிட்டேங்க. எதும் விட்டுப்போயிருந்தா நீங்க சொல்லிக்கிடுங்க." அவ்வளவுதான், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாந்தி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரோ ஒரு பொண்ணுகிட்டப் பேசுறீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"பொண்ணுதான்" என்றேன். "ஆனா தினம் வேற வேற பொண்ணு."

(இதையும் நான்தான் சொன்னேன்.)

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. "அதை எங்கிட்டப் பேசியிருக்கலாம்லங்க" என்றாள். பஞ்சரான சைக்கிளை நான் தள்ள, என் சைக்கிளை அவள் தள்ள, திருவரங்குளம் வரை நடந்தே போனோம். கொஞ்ச தூரம் நான் பேசினேன். மிச்ச தூரம் முழுக்க அவள்தான் பேசினாள். தனக்கும் மத்தியானத்தில் தூக்கம் வருவதில்லை என்றும், சும்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பதாகவும் சொன்னாள்.

மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னது சாந்தி. ஊருக்கெல்லாம் சொன்னது மகள். இப்போது எந்த விசேஷத்தில் நான் வாயைத் திறந்தாலும், "மொதல்ல திரும்பிப் பாத்துட்டுப் பேசுங்க" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்கள். மகளுக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளைகூட.

நானும் திரும்பிப் பார்க்கிறேன். பெரும்பாலும் சாந்தி இருக்கிறாள்.